கூட்டினால் நூறைத் தாண்டும் ஊர்: வாசகர் கேள்வி–பதில்

பிள்ளைகள் அமெரிக்காவில் சின்ன ஊர்களில் குடியேறியிருப்பதால் அந்த ஊர்களின் மக்கள் கணக்கைப் பற்றி வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். இந்த இதழில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகள் போகப்போகும் ஊரில் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் என்று பார்த்தேன். எல்லாவற்றையும் கூட்டினால் 111 வருகிறது. கணக்கே தப்பா?
– வாசகி, கோவை

கணக்கு சரிதான், கூட்டியதுதான் தப்பு. அந்தப் பட்டியலில் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவம் முதலில் "நீங்கள் ஹிஸ்பானிக்கா?" என்று கேட்கும். மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற ஸ்பானிய மொழி வழி வந்தவரா என்று பொருள். அதற்குப் பிறகு, "உங்கள் இனம் எது?" என்ற கேள்வி தனியாக வரும். ஹிஸ்பானிக் என்பதை அங்கே இனமாக எண்ணுவதில்லை. ஹிஸ்பானிக் ஒருவர் வெள்ளையராக இருக்கலாம், கறுப்பராக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம்.

400 பேர் உள்ள ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இனக் கேள்வியில் வெள்ளையர் 340, கறுப்பர் 8, பூர்வகுடியினர் 2, ஆசியர் 4, "வேறு ஏதோ இனம்" 16, ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் 30. இதோடு 400 முடிந்துவிட்டது, 100 சதவீதமும் முடிந்தது. அதன் கீழே "ஹிஸ்பானிக் 44 பேர், 11 சதவீதம்" என்று வரும். அந்த 44 பேர் புதிதாக வந்தவர்கள் இல்லை, மேலே ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள். 14 பேர் வெள்ளையரிலும், 14 பேர் "வேறு இன"த்திலும், 16 பேர் பல இனத்தவரிலும் இருக்கலாம்.

கூட்டினால் சரியாக 100 வரும் அட்டவணை வேண்டுமென்றால், கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் ஊர் பெயரோடு 2020-க்கான தொகுதி மறுவரையறைத் தகவலில் (Redistricting Data) பி2 அட்டவணையைத் தேடுங்கள். ஹிஸ்பானிக் முதலில் தனியாக இருக்கும். மீதிப் பேர் மட்டும் இனவாரியாகப் பிரிந்திருப்பார்கள். நம் ஊரில் வெள்ளையர் அதில் 326 ஆகிவிடுவார்கள். 340, 326 இரண்டுமே சரி. எதைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பி1 அட்டவணை இனத்தை மட்டும் காட்டும்.

வில்லேஜ் என்றால் நம்மூர் கிராமம் போலத்தானே?
– வாசகர், தென்காசி

இல்லை. ஒஹையோ, இலினாய், நியூயார்க், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் அது ஒருவகை உள்ளாட்சி அமைப்பின் சட்டப் பெயர். சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கியும் வில்லேஜ்தான், அங்கே 2020-இல் 67,000-க்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். எனவே முதலில் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு சதவீதத்துக்கு வாருங்கள்.

2010-இல் எங்கள் மகன் ஊரில் பல இனத்தவர் மிகச் சிலர். 2020-இல் பத்து மடங்கு. பத்தே வருடத்தில் இவ்வளவு கலப்பு மணமா?
– வாசகர், திருச்சி

பெரும்பகுதி மாற்றம் ஊரில் நடந்ததல்ல, படிவத்தில் நடந்தது. நாடு முழுக்கவே இந்தப் பிரிவு 90 லட்சத்திலிருந்து 3 கோடியே 38 லட்சமாகத் தாவியது. 2010-இல் வெள்ளையர் என்று டிக் செய்தவரிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. 2020-இல் வெள்ளையர், கறுப்பர் கட்டங்களுக்குக் கீழேயும் பூர்வீகத்தை எழுத இடம் விட்டார்கள். எழுதியதில் முதல் 30 எழுத்துக்கு மாறாக 200 எழுத்துவரை பதிவு செய்தார்கள். எழுதியதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று காட்டும் குறியீடுகளை இரண்டுக்குப் பதில் ஆறுவரை கொடுத்தார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் வெள்ளையர் என்று டிக் செய்துவிட்டு அதன் கீழே "மெக்சிகன்" என்று எழுதுகிறார். மெக்சிகன் என்ற சொல் "வேறு ஏதோ இனம்" பிரிவில் சேர்க்கப்படுகிறது. உடனே அவர் இரண்டு இனத்தவர் ஆகிவிடுகிறார். அதே ஆள், அதே வீடு, அதே பதில்தான். ஹிஸ்பானிக் மக்கள் ஓரளவு உள்ள ஊரில் "வெள்ளையர் குறைந்துவிட்டார்கள், கலப்பு பெருகிவிட்டது" என்று தீர்ப்பு எழுதுவதற்குமுன் இதை நினைவில் வைக்க வேண்டும். 2010-ஐயும் 2020-ஐயும் ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் ஹிஸ்பானிக் கேள்வியின் எண்களை ஒப்பிடுங்கள். அதில் இந்த அளவு குழப்பம் இல்லை.

இன்னும் பின்னால் போக நினைப்பவர்களுக்கு: ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்ற உரிமையே 2000-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அட்டவணைகளில் அந்த வரி இருக்காது.

நாம் எந்தக் கட்டத்தில் வருவோம்? "தமிழர்" என்று தெரியுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு "ஆசிய இந்தியர்" என்று தனிக் கட்டம் உண்டு. இலங்கையர்களுக்கு அப்படி இல்லை, "பிற ஆசியர்" கட்டத்தை டிக் செய்து பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டுமே மேல்நிலையில் ஆசியர் என்ற ஒரே வரியில்தான் சேரும். பத்தாண்டுக் கணக்கெடுப்பில் மொழிக் கேள்வி கிடையாது. எனவே, ஊர் அட்டவணையில் தமிழர் எத்தனை பேர் என்று தேட வேண்டாம்.

இந்தக் கட்டமும் எளிதாகக் கிடைக்கவில்லை. 1920 முதல் 1940 வரை இந்தியர்கள் எந்த மதத்தவரானாலும் "இந்து" என்ற இனமாகவே எழுதப்பட்டார்கள், சீக்கியர்களும் முஸ்லிம்களும் உட்பட. 1970-இல் வெள்ளையரோடு சேர்க்கப்பட்டார்கள். தனிப்பெயர் வந்தது 1980-இல்தான். ஒரு ஊரின் பழைய அட்டவணையில் இந்தியரே இல்லை என்றால், அங்கே இந்தியர் இருந்ததில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஐம்பது, நூறு பேர் உள்ள ஊரின் எண்களை எவ்வளவு நம்பலாம்?
– வாசகர், மதுரை

இந்த இதழின் முக்கியமான கேள்வி இதுதான். நெப்ராஸ்காவில் மொனோவி என்று ஒரு வில்லேஜ் இருக்கிறது. கணக்கெடுப்பு நடந்தபோது அங்கே வாழ்ந்தது ஒரே ஒருவர். 2010 கணக்கும் 1 என்றது. 2020 கணக்கு 2 என்றது. யாரும் குடிவரவில்லை.

அந்த இன்னொருவரைச் சேர்த்தது கணக்கெடுப்புத் துறையேதான். தனிமனிதர் தந்த பதில் வெளியே தெரியக் கூடாது என்பது அங்கே சட்டம். ஊரில் ஒரே ஒரு ஆசியக் குடும்பம் இருந்தால், பல அட்டவணைகளைச் சேர்த்துப் பார்த்து அவர்களின் வயது, இனம் எல்லாவற்றையும் கணினியால் கண்டுபிடித்துவிட முடியும். அதைத் தடுக்க 2020-இல் எண்களைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வெளியிட்டார்கள். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையில் கை வைக்கவில்லை. நெப்ராஸ்காவின் 19,61,504 மாற்றப்படாத எண். வீடுகளின் எண்ணிக்கையும் தெருக்கட்டம்வரை (கணக்கெடுப்பில் பிரிக்கும் மிகச் சிறிய பகுதி) அப்படியே இருக்கும். ஆனால் ஊரின் மொத்த எண், இனவாரி எண் எல்லாம் கூட்டல் குறைத்தலுக்கு உட்பட்டவை.

நடைமுறையில் இதற்கு என்ன செய்யலாம்? சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 80 பேர் ஊரில் 2.5 சதவீதம் என்பது இரண்டே பேர், அந்த இரண்டு பேர் உண்மையில் இல்லாமலும் இருக்கலாம். ஒற்றை இலக்க எண்களை வைத்து "கூடியது, குறைந்தது" என்று எழுதாதீர்கள். தெருக்கட்ட அளவிலான எண்ணைத் தனியாக எடுத்தால் பெரியவர்களே இல்லாமல் குழந்தைகள் மட்டும் இருப்பதாகக்கூட வரும். சின்ன ஊர் என்றால் பக்கத்து ஊர்களையோ கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) முழுவதையுமோ சேர்த்துப் பாருங்கள். பகுதி பெரிதாகப் பெரிதாக, அந்தக் கூட்டலும் குறைத்தலும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

இதைவிடப் புதிய எண் வேண்டும் என்று அமெரிக்கச் சமூக ஆய்வின் மதிப்பீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது எல்லா வீட்டையும் எண்ணுவதில்லை, மாதிரிக்கு எடுத்த வீடுகளை மட்டும் கேட்கிறது. 65,000-க்குக் குறைந்த ஊருக்கு வழக்கமாக ஐந்து ஆண்டுத் தகவலைச் சேர்த்தே தருகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு இருக்கும். "ஆசியர் 12, கூட்டல் கழித்தல் 19" என்றிருந்தால் பூஜ்யம் முதல் 31 வரை எதுவும் இருக்கலாம். வரம்பை 1.645-ஆல் வகுத்து, வந்ததை மதிப்பீட்டால் வகுங்கள். இங்கே 0.96 வரும், ஏறக்குறைய மதிப்பீடு அளவுக்கே பிழை. அந்த எண்ணை எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

சுற்றிலும் வயல், ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் வெள்ளையர். அட்டவணையில் மட்டும் கறுப்பர் பெருமளவு. எப்படி?
– வாசகர், சேலம்

ஊர் எல்லைக்குள் சிறை இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாகத் தங்கித் தூங்கும் இடத்தில் எண்ணும். சிறைவாசிக்கு அது சிறை. தெற்கு இலினாயில் ஐனா என்ற வில்லேஜுக்குள் மாநிலச் சிறை இருக்கிறது, ஊர் மக்கள்தொகையில் பெரும்பகுதி அதன் உள்ளே இருப்பவர்கள்தான். சிகாகோ போன்ற தூரத்து நகரத்தவர்களும் இந்த ஊர்க்காரர்களாகப் பதிவாகிறார்கள். ஆண்களின் எண்ணிக்கை பெண்களைவிடப் பல மடங்கு இருந்தால் அது முதல் அறிகுறி. பி5 அட்டவணையைத் திறந்தால் பெரியவர்களுக்கான சிறைகளில் எத்தனை பேர் என்று தனி வரி இருக்கும். கல்லூரி விடுதி, முதியோர் இல்லம் இருந்தாலும் அங்கேயே தெரியும்.

2030-இல் இதெல்லாம் மாறுமா?
– வாசகி, சென்னை

2024 மார்ச்சில் வந்த விதிப்படி இனமும் ஹிஸ்பானிக்கும் ஒரே கேள்வியாகும். இதுவரை வெள்ளையரோடு எண்ணப்பட்ட எகிப்தியர், லெபனானியர், ஈரானியருக்கு மத்தியக் கிழக்கு – வட ஆப்பிரிக்கா என்று தனிப்பிரிவு வரும். விதி அப்படியே நின்றால் கோவை வாசகியின் 111 மறைந்துவிடாது. ஒருவரே இரண்டு மூன்று கட்டங்களை டிக் செய்யலாம் என்பதால், "தனியாகவோ மற்றதோடு சேர்ந்தோ" என்று தலைப்பிட்ட அட்டவணைகளில் கூட்டுத்தொகை அப்போதும் நூறைத் தாண்டும். 2030-ஐ 2020-உடன் ஒப்பிடுவதோ இன்னும் கடினமாகும். உங்கள் ஊரின் பி1, பி2, பி5 அட்டவணைகளை இப்போதே இறக்கி, பதிவிறக்கிய தேதியோடு சேமித்து வையுங்கள்.