வாசகர் கேள்விகள்: பெனடெஸ் வட்டாரத்துச் சிவப்பு ஒயின்

கேள்வி: ஸ்பெயினில் இயற்கை வேளாண்மை முறையில் ஒயின் தயாரிப்பதற்கு முன்னோடி என்று அல்பெத் இ நோயா நிறுவனத்தைச் சொல்கிறார்கள். ஒரு குடும்ப நிறுவனத்துக்கு அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது?

பதில்: பார்சிலோனாவுக்கு மேற்கே, பெனடெஸ் வட்டாரத்தில், சான்ட் பாவ் டோர்தால் என்ற ஊரை ஒட்டி கான் வென்ட்ரெல் தோட்டம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிய ஃபில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி இங்கிருந்த கொடிகளையும் விட்டுவைக்கவில்லை. தோட்டத்தில் மறுநடவு செய்வதற்காக 1903-இல் அமர்த்தப்பட்ட ஜுவான் அல்பெத் இ ரோவிரோசாவின் வழிவந்தவர்களே இந்நிறுவனத்தை நடத்துகிறார்கள்.

திருப்பம் 1978-இல் வந்தது. ரசாயனமின்றி விளைந்த திராட்சையின் ஒயினைத் தேடி டென்மார்க் நிறுவனம் ஒன்று அணுகியபோது, ஜோசெப் மரியா அல்பெத் இ நோயா அதற்கு இசைந்தார். கொள்கைப் பிடிப்பில் பிறந்த கதையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம்; முதல் உந்துதல் வாங்க வந்தவரிடமிருந்தே வந்தது. ஆயினும், இயற்கை வேளாண்மைக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டம் 1991-இல்தான் இயற்றப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், சான்றிதழோ உள்நாட்டுச் சந்தையோ இல்லாத காலத்தில் அந்த வழியில் இறங்கி அதிலேயே நிலைத்து நின்றது சாதாரணச் செயல் அல்ல என்பது விளங்கும்.

என்னைப் பொறுத்தவரை, அதைவிடவும் மதிக்கத்தக்கது அவர்கள் 1990-களின் இறுதியில் மேற்கொண்ட தேடல். ஃபில்லாக்ஸெராவுக்கு முன்பு பயிரிடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட உள்ளூர்த் திராட்சை வகைகளைத் தேடிப் பிடித்து அவர்கள் மீண்டும் வளர்த்தார்கள். அப்படி மீட்கப்பட்ட வகைகளுள் ஒன்றான பெலாத், இன்று அதே பெயரில் ஒரு சிவப்பு ஒயினாகக் கிடைக்கிறது.

கேள்வி: இயற்கை வேளாண்மை என்றால் கொடிகளுக்கு மருந்தே தெளிக்க மாட்டார்கள் என்று பொருளா?

பதில்: இல்லை. செயற்கை ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, செயற்கை உரம் ஆகியவற்றுக்குத்தான் தடை. சாம்பல் நோய்க்குக் கந்தகத்தையும், அடிச்சாம்பல் நோய்க்குச் செப்புச் சேர்மங்களையும் பயன்படுத்த விதிகள் இடம் தருகின்றன. திராட்சைக் குலையைத் துளைக்கும் புழுவைக் கட்டுப்படுத்த, அதன் தாய்ப்பூச்சியின் இனக்கவர்ச்சி மணத்தைத் தோட்டமெங்கும் பரப்பி, ஆண் பூச்சிகள் இணையைக் கண்டுபிடிக்க முடியாதபடி குழப்புவார்கள். வழக்கமான முறையிலிருந்து மாறும் தோட்டம், அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகள் இவ்விதிகளின்படி நடந்த பிறகே அதன் பழத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

செம்பில்தான் சிக்கல் இருக்கிறது. அது சிதைந்து மறைவதில்லை; தெளிக்கத் தெளிக்க மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 4 கிலோ என்று ஐரோப்பிய ஒன்றியம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வறண்ட ஆண்டுகளில் இது போதும். 2020-இன் மழை மிகுந்த வசந்த காலத்தில் அடிச்சாம்பல் நோய், பெனடெஸ் அடங்கிய கட்டலோனியா மாநிலத்தைத் தாக்கியபோது, இயற்கை வழி விவசாயிகள் பெரும் விளைச்சலை இழந்தார்கள். உள்ளூர் வகைகளை நோய் எதிர்ப்புள்ள வகைகளுடன் இனக்கலப்புச் செய்து புதிய கொடிகளை உருவாக்கும் பணியில், சுவிட்சர்லாந்தின் திராட்சை இனப்பெருக்க வல்லுநர் வாலென்டின் பிளாட்னருடன் அல்பெத் இ நோயா சேர்ந்து உழைத்ததன் அருமை இத்தகைய ஆண்டுகளில்தான் தெரியும். செம்பையும் குறைக்க வேண்டும், பயிரையும் காக்க வேண்டும் என்றால் கொடியே வலிமையானதாக இருப்பதைத் தவிர நிலையான வழி வேறு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: இயற்கை வழி ஒயின் என்று அச்சிட்ட புட்டியிலேயே ‘சல்ஃபைட் உள்ளது’ என்றும் எழுதியிருக்கிறதே, இது முரண்பாடு அல்லவா?

பதில்: அல்ல. நொதிக்கும்போது ஈஸ்ட்டே சல்ஃபைட் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு உண்டாக்குகிறது. மொத்த அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஒயின் கெடாமலிருக்கக் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் இனிப்பு நீங்கிய சிவப்பு ஒயினில் வழக்கமான வரம்பு 150 மில்லிகிராம் என்றால், இயற்கை வழி ஒயினில் 100 மில்லிகிராம்தான். இந்த விதிகள் 2012 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் ஐரோப்பாவில் சட்டம் தோட்டத்தோடு நின்றுவிட்டதால், ‘இயற்கை வழித் திராட்சையில் தயாரான ஒயின்’ என்று மட்டுமே அச்சிட முடிந்தது. அமெரிக்காவிலோ சல்ஃபைட் சேர்த்த எதையும் இயற்கை வழி ஒயின் என்று விற்க முடியாது. ஆகவே ஒரே ஒயின் இரண்டு நாடுகளில் இரண்டு விதமான வாசகங்களோடு விற்பனைக்கு வரக்கூடும்.

கேள்வி: புட்டியில் பச்சை நிறத்தில் இலைச் சின்னம் இருந்தால் சுவையும் உயர்ந்ததாக இருக்குமா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மைச் சின்னமான அது சுவையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதை ஒட்டி அச்சாகும் குறியீட்டிலிருந்து, சரிபார்த்த அமைப்பு எது என்று அறியலாம். கட்டலோனியாவில் அது இயற்கை வேளாண் உற்பத்திக்கான கட்டலன் மன்றம். ‘ரெசர்வா’ போன்ற சொற்கள் வேறு கணக்கைச் சேர்ந்தவை: ஸ்பெயினின் சிவப்பு ஒயின் அந்தப் பெயரைப் பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது மரப்பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். 2025 அறுவடை முதல் தன் பெயரைத் தாங்கும் ஒயின் அனைத்தும் இயற்கை வழியில்தான் வரவேண்டும் என்று பெனடெஸ் ஒழுங்குமுறை மன்றமே முடிவு செய்திருப்பதால், அவ்வட்டார ஒயின்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இலைச் சின்னம் இனி உதவாது. திராட்சை வகையையும் அறுவடை ஆண்டையும் பாருங்கள்.