பதினாறில் உருகிய கதை முப்பதில் உறுத்துகிறது

கேள்வி: எனக்கு முப்பது வயது. கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 2011இல் நாங்கள் பரந்தன் பக்கம் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது, கனடாவிலிருந்து வந்த மச்சாள் 'ட்வைலைட்' என்ற வம்பயர் (இரத்தக் காட்டேரி) காதல் கதைப் புத்தகங்கள் நாலையும் விட்டுவிட்டுப் போனா. அப்பா காணாமல் போய் அப்போது இரண்டு வருசம். அம்மா அவரைத் தேடி அலைவா, நான் விளக்கடியில் அகராதியோடு இருந்து வாசிப்பேன். தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழில் கருத்து எழுதுவேன். இரண்டாம் புத்தகத்தில் வருகிற அந்த வெறும் பக்கங்களை மட்டும் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. போன மாதம் ஆசையாகத் திரும்ப எடுத்தேன். அதில் வருகிற வம்பயர் காதலன் எட்வேர்ட் செய்கிற பல வேலைகள் இப்போது பயமாக இருக்கின்றன. இதையா காதல் என்று நினைத்தேன் என்று வெட்கமாகவும் இருக்கிறது. இதற்கிடையில் பதினாலு வயதுப் பெறாமகள் புத்தகங்களைக் கேட்கிறாள். கொடுப்பதா, எரிப்பதா?

பதில்: எரிக்க வேண்டாம், தங்கச்சி. எரிந்த புத்தகங்கள் எங்களுக்குப் போதும்.

உங்கள் கண்ணில் பிழையில்லை. முதல் புத்தகத்திலேயே அவன் இரவில் கதாநாயகி பெல்லாவின் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்குத் தெரியாது. 2020இல் அதே கதை அவன் பக்கமிருந்து வந்தது. அதில் யன்னல் சத்தம் போடாமல் திறக்க எண்ணெய் விடுகிறான். மூன்றாவதில், அவளுடைய சிநேகிதன் ஜேக்கப்பைப் பார்க்க அவள் போகக்கூடாது என்பதற்காக அவளுடைய ட்ரக் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். 1901இல் பிறந்தவன், நூறு வருசத்துக்கு மேல் உலகத்தைப் பார்த்தவன், 'ஏன் போகிறாய்?' என்று வாய் திறந்து கேட்டிருக்கலாம். பதினாறு வயதில் இதெல்லாம் காவல் மாதிரித் தெரியும். இப்போது நீங்கள் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து நிற்கிற ஆள், அதனால் உறுத்துகிறது.

ஆனால் வெட்கப்படுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த வெறும் பக்கங்களைப் பற்றி எழுதியிருந்தீர்களே, உங்கள் கடிதத்தில் நான் நிறைய நேரம் நின்ற இடம் அதுதான். எட்வேர்ட் காட்டுக்குள் அவளை விட்டுவிட்டுப் போனபிறகு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதங்களின் பெயர்கள் மட்டும் வரும். கீழே ஒரு எழுத்தும் இருக்காது. மற்றப் பிள்ளைகள் ஒரு செக்கனில் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் போகவில்லை. போனவர் வருவாரா, மாட்டாரா என்று தெரியாமல் ஒரு மாதம் முடிந்து அடுத்த மாதம் தொடங்குவதை உங்கள் வீட்டில் எல்லாரும் அனுபவித்தீர்கள், ஒருவரும் வாய்விட்டுக் கதைத்திருக்க மாட்டீர்கள். எங்கள் வன்னியில் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் அப்படித்தான். அது எப்படி இருக்கும் என்று எங்கேயோ அமெரிக்காவில் இருந்து எழுதிய ஸ்டெஃபனி மேயர் ஒரு சொல்லும் இல்லாமல் உங்களுக்குக் காட்டிவிட்டார். அந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஏமாந்த பிள்ளை இல்லை.

எட்வேர்ட் இருக்கிற அந்தக் கலன் என்ற வம்பயர் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். ஏழு பேர். ஒருவருக்கும் சாவில்லை. எட்வேர்டே 1918 காய்ச்சலில் தாயையும் தகப்பனையும் பறிகொடுத்து, சாகக் கிடந்தவன்தான். அவனைத் தூக்கிவந்து வைத்திருக்கிற வீடு அது. தறப்பாளுக்குக் கீழே படுத்திருந்த பிள்ளைக்கு அந்த வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்று ஆசை வந்திருக்கும், வந்தே தீரும். நீங்கள் உருகியது யன்னலால் வந்தவனுக்காக என்பதைவிட, சாகாமல் கூடவே இருக்கிறவர்களுக்காக என்றுதான் எனக்குப் படுகிறது.

நானும் ஒரு காலத்தில் இப்படி வாசித்தவள்தான். பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைய மண்ணெண்ணெய், கம்பியில் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் அட்டை கிழிந்த பழைய பேய்த் தொடர்கதைகளை வாசிப்பேன். செத்த பிறகும் காதலனுக்காகக் காத்திருக்கிற பெண்களுக்காக அழுவேன். குமுழமுனை அரியாத்தை தனியாகப் போய் யானையைக் கட்டிக்கொண்டு வந்த கதையையும் ஆச்சி அதே விளக்கடியில்தான் சொல்லுவா. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

சரி, பெறாமகளின் விசயத்துக்கு வருவோம். முதல் மூன்றையும் தாராளமாகக் கொடுங்கள். நாலாவதில் கல்யாண இரவுக்கு அடுத்தநாள் பெல்லாவின் உடம்பெல்லாம் கண்டல் காயம், பிள்ளைப்பேறு இரத்தக் களரி, பிறந்த குழந்தைமேல் ஜேக்கப்புக்கு ஏற்படுகிற பிணைப்பு என்று நிறைய இருக்கிறது. அதற்கு இரண்டு வருசம் பொறுக்கலாம். ஒளித்து வைக்காமல், ஏன் இப்போது வேண்டாம் என்று காரணத்தைச் சொல்லுங்கள். ஒளித்தால் ஃபோனில் எடுத்துத் தனியாக வாசிப்பாள்.

அவள் வாசிக்கும்போது நீங்களும் கூட வாசியுங்கள். எட்வேர்டைக் குறை சொல்லித் தொடங்கவே வேண்டாம், அவள் வாயை மூடிவிடுவாள். ட்ரக் இடம் வரும்போது மட்டும், 'உன்ரை சைக்கிள் செயினை ஒருத்தன் கழட்டி வச்சா என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவனும், ஃபோன் பாஸ்வேர்ட் தா என்று கேட்டு நிற்கிறவனும் 'உன்மேல் உள்ள அக்கறை' என்றுதான் சொல்லுவார்கள். அந்தக் கதையை நேராகத் தொடங்குவது ஒரு சித்திக்குக் கஷ்டம். பெல்லாவை வைத்துத் தொடங்குவது லேசு.

இன்னொன்றும் அவளுக்குச் சொல்லலாம். கதையில் ஓநாயாக மாறுகிற குயிலியூட் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் உண்மையிலேயே அமெரிக்காவின் லா புஷ் கடற்கரையில் வாழ்கிறவர்கள். சுனாமிப் பயத்தால் மேட்டுக்கு இடம்பெயரக் காணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2012இல் சட்டம் போட்டுத்தான் தேசியப் பூங்காவிலிருந்து நிலம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தையும் மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடல் வந்து அடித்த முல்லைத்தீவு பக்கத்திலேயே இருக்கிறது, அவளுக்கு இது உடனே விளங்கும்.

கொடுக்க முன் கழன்ற அட்டைகளை ஒட்டிவிடுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய கருத்துகளை அழிக்க வேண்டாம். அகராதி எடுக்காமலே சித்தியின் கையெழுத்தைப் பார்த்து அவள் வாசித்துக்கொண்டு போகட்டும்.