பழைய பிரசவக் கோடுகளுக்கு லேசர் பேக்கேஜ் போடலாமா?

கேள்வி: வயது 34. இரண்டாவது பிரசவமாகி ஏழு வருடம் ஆகிறது. அடிவயிற்றில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். திருப்பூரில் ஒரு கிளினிக்கில் லேசர் ஆறு சிட்டிங் 48,000 ரூபாய், தவணையில் கட்டலாம், முழுசாகப் போய்விடும் என்கிறார்கள். இன்றே முன்பணம் கட்டினால் ஒரு சிட்டிங் இலவசமாம். கட்டலாமா டாக்டர்?

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள் அம்மா. ஏழு வருடம் இருந்த கோடு இன்னும் ஒரு மாதம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ‘முழுசாகப் போய்விடும்’ என்று சொன்ன இடத்துக்கு மறுபடி போகவே வேண்டாம்.

பனியன் துணியை அளவுக்கு மீறி இழுத்தால் இழை விட்டுப்போய் அந்த இடம் மட்டும் தளர்ந்து தெரியுமே, உங்கள் தோலில் நடந்ததும் அதுதான். மேல்தோல் கிழியவில்லை, அடியில் இருக்கும் இழைகள் அறுந்திருக்கின்றன. கோடு சிவப்பாக இருக்கும் முதல் சில மாதங்களில் மருந்து கொஞ்சம் கேட்கும். வெளுத்த பிறகு எந்தக் கிரீமும் அதை அழிக்காது. 600 ரூபாய் எண்ணெயும் வீட்டுத் தேங்காயெண்ணெயும் செய்வது ஒரே வேலை: தோல் காயாமல் இருக்கும், அவ்வளவுதான்.

லேசரும் சரி, நுண்ணூசி சிகிச்சையும் சரி, தோலில் பொடிப்பொடியாகக் காயம் உண்டாக்கிப் புது இழைகளை வளரவைக்கிற முறைகள். கோடு கொஞ்சம் குறுகும், தொட்டால் தெரியும் பள்ளம் மேடேறும். போன நிறம் பெரும்பாலும் திரும்பாது. நம் மாநிறத் தோலில் லேசர் சூடு பட்ட இடம் கறுத்துப்போகலாம்; அது மங்கப் பல மாதங்கள் ஆகும். வெள்ளைக் கோட்டுக்குப் போய்க் கறுப்புப் புள்ளிகளோடு திரும்பியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நுண்ணூசியில் அந்த ஆபத்து குறைவு, செலவும் பொதுவாகக் குறைவு. நானாக இருந்தால் அதில்தான் தொடங்குவேன். அதுவும் இடுப்போரம் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் செய்து, இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடுவேன். வயிற்றுத் தோலை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை கோடுகளுக்காக மட்டும் செய்துகொள்ள வேண்டியதல்ல.

அவர்கள் காட்டும் ‘முன், பின்’ படங்களை நம்பாதீர்கள். ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று உங்கள் வயிற்றைப் படமெடுங்கள். பிறகு நேர் எதிரே ஃபிளாஷ் போட்டு எடுங்கள். பாதிக் கோடு செலவில்லாமலே மறைந்திருக்கும்.

தவணைதான் பெரிய பொறி. கடன் தருவது பெரும்பாலும் கிளினிக் இல்லை, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. இரண்டாவது சிட்டிங்கில் தோல் கறுத்து நீங்கள் நிறுத்திவிட்டாலும் தவணை நிற்காது. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்றைக்குப் பணம் வாங்கச் சொல்லுங்கள். 48,000-த்தில் ஜிஎஸ்டி அடக்கமா என்றும் கேளுங்கள். அழகுக்கான சிகிச்சைக்கு அந்த வரி உண்டு. அடக்கமில்லை என்றால் அது தனிச் செலவு.

அப்புறம், கருவியைக் கையில் பிடிப்பது யார்? உங்களிடம் விலை பேசிய ‘கவுன்சிலர்’ பெண்ணா, போர்டில் மட்டும் பெயர் இருக்கும் டாக்டரா? யூடியூப் பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. இதையெல்லாம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்ததே, அதை என்னவென்று சொல்வது! எழுதியதோடு சரி, யார் போய்ப் பார்க்கிறார்கள்? டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய காஸ்மெட்டாலஜி சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கோடுகள் பிரசவத்தோடு வந்தவைதானா? தொடையிடுக்கில், அக்குளில் புதிதாகக் கோடு இருந்தால், படர்தாமரைக்கோ முகம் வெளுக்கவோ மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூப்பைத் தேடியெடுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தோலை மெலியவைத்துக் கோடு போடும். இவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி வந்தது. இன்றும் பிஸ்கட் பாக்கெட் போலத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். டியூப்பை டாக்டரிடம் காட்டுங்கள். விரலகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், முகம் உருண்டு வீங்குவது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது, ரத்த அழுத்தம் இவையெல்லாம் சேர்ந்திருந்தால் பிரச்சினை ஹார்மோனில் இருக்கலாம். லேசரை மறந்துவிட்டுப் பொது மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், கிளினிக் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட ரசீதை நாளைக்கே கேட்டு வாங்குங்கள். விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவில் எழுதித் தந்ததை ரசீது என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.