நத்தை மாதிரித் தடித்த ஓடுள்ள இரையைப் பறவைகள் எப்படி உடைத்துத் தின்கின்றன?

எல்லாப் பறவையும் உடைப்பதில்லை. கேட்டவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் செயற்றிட்டம் கொடுத்திருக்கிறார்கள் போல, அதனால் பாடப்புத்தக வசனத்தை விட்டுவிட்டு நான் கண்டதையே எழுதுகிறேன்.

எங்கட பக்கம், யாழ்ப்பாணத்தில் வழுக்கையாற்றை ஒட்டிய நவாலி வயல்களில், மாரிக்குத் தண்ணீர் நின்றால் நத்தைகுத்தி நாரை வந்துவிடும். சொண்டை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அதைக் காட்டி என் மாமா, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், "அது பாக்குவெட்டியடா, நத்தை ஓட்டை உள்ளுக்கு வைச்சு நெரிக்கும்" என்று வருஷக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் பிழை சொல்ல ஏலாது, ஜூலியன் ஹக்ஸ்லி மாதிரிப் பெரிய உயிரியலாளரே அருங்காட்சியகத்தில் இருந்த பறவைகளின் சொண்டு விளிம்பு தேய்ந்திருப்பதைப் பார்த்து அப்படித்தான் நினைத்தவர்.

வரம்பில் குந்தியிருந்து கமராவால் பார்த்தால் கதை வேறு. நாரை சேற்றைத் துழாவி நத்தையை எடுத்ததும், மேல் சொண்டால் அதை நிலத்தோடு அமத்திப் பிடிக்கும். கீழ்ச் சொண்டின் கூரான நுனியை நத்தையின் மூடிக்குள் விட்டு, உடலை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை முழுதாய் இழுத்து விழுங்கும். அநேகமாக எல்லாம் தண்ணிக்குள்ளேயே நடப்பதால் ஆட்களுக்குத் தெரிவதில்லை. நாரை போன பிறகு இறங்கி ஓடுகளைப் பொறுக்கி மாமாவிடம் கொண்டுபோனேன், எல்லாம் முழு ஓடு. கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற ஏதோ நாரையாய் இருக்கும்" என்றார்!

இன்னொன்று, குஞ்சுகளுக்கு அந்த இடைவெளியே இல்லை, வளர வளரத்தான் வரும். இடைவெளி வராத இளம் பறவையும் நத்தையைத் தின்கிறது. வழுக்கும் நத்தை ஓட்டைப் பிடித்துக் கையாள அந்த அமைப்பு உதவலாம் என்பது பின்னர் வந்த சில ஆய்வாளர்களின் விளக்கம். இனி யாராவது வந்து, உடைந்த ஓடு கண்டேன் என்று கீழே எழுதுவீர்கள். சிலது வெடித்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வயலில் உழவு இயந்திரமும் ஓடுகிறது.

உடைக்கிற பறவைகளும் உண்டு. கனடாவின் மேற்குக் கரைக் காகங்கள் கடல் நத்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மீட்டர் அளவு உயரம் போய்ப் பாறையில் போடும், அதுவும் பெரிய நத்தையாய்த் தெரிந்தெடுத்து. பெரியது லேசாய் உடையும், சதையும் அதிகம். ஐரோப்பியக் கரைகளில் சிப்பி பிடிப்பான் என்று ஒன்று, சிலது சிப்பியைக் குத்தி உடைக்கும், சிலது திறந்திருக்கும் இடுக்கில் சொண்டை விட்டுத் தசையை வெட்டும். தொழிலுக்கு ஏற்றபடி அதுகளின் சொண்டு நுனியும் மாறிவிடும்.

நாரை பற்றி இவ்வளவு எழுதியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் எடுத்த படத்தை ஒரு முகநூல் பக்கம் என் பெயரை வெட்டிவிட்டு, "சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளி" என்று போட்டிருந்தது. இது இலங்கையிலேயே கூடு கட்டுகிற பறவை ஐயா என்று கீழே எழுதினேன். கருத்தை அழித்து, என்னையும் தடை செய்துவிட்டார்கள். படம் மட்டும் இன்னும் அங்கேதான் கிடக்கிறதாம், மாமா பகிர்ந்திருக்கிறார்.