ஐந்து சுற்று, மூன்று ஜட்ஜ்

சண்டைக் கூண்டு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாயிண்ட் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 2013-இல் நடந்த ஜார்ஜ் செயின்ட் பியர் – ஜானி ஹெண்ட்ரிக்ஸ் சண்டையை நானும் அண்ணனும் மறுபடி பார்த்தோம். செயின்ட் பியர் ஜெயித்தது சரிதான் என்று அண்ணன் சாதிக்கிறார். முகமெல்லாம் வீங்கி நின்றவர் எப்படி ஜெயித்தவர் ஆவார்? சுற்று சுற்றாகப் பாயிண்ட் போட்டுக் காட்டுவீர்களா?

பதில்: போட்டுவிடலாம். அமெச்சூர் குத்துச்சண்டையில் பல வருடம் ரிங் ஓரம் உட்கார்ந்து பாயிண்ட் போட்டவன் நான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை பார்க்கும்போதும் நோட்டும் பேனாவும் இல்லாமல் எனக்குச் சரிப்படாது.

நவம்பர் 16, லாஸ் வேகாஸ், யு.எஃப்.சி. நிறுவனம் நடத்திய யு.எஃப்.சி. 167 நிகழ்ச்சி, வெல்டர்வெயிட் எடைப்பிரிவின் பட்டம். இரண்டு ஜட்ஜ்கள் செயின்ட் பியருக்கு (சுருக்கமாக ஜி.எஸ்.பி.) 48-47, ஒருவர் ஹெண்ட்ரிக்ஸுக்கு 48-47. ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் குறைவு. ஐந்து சுற்றையும் கூட்டினால் முடிவு. இவ்வளவுதான் கணக்கு.

தகராறு எங்கே என்று தெரிய, முதலில் தகராறு இல்லாத சுற்றுகளைத் தள்ளிவிடுவோம். இரண்டாம் சுற்று ஹெண்ட்ரிக்ஸுடையது. அவர் குத்தில் ஜி.எஸ்.பி. நிலைகுலைந்ததை எல்லோரும் பார்த்தோம். மூன்றாவதில் ஜி.எஸ்.பி. தன் ஜேபை (முன்கையால் நேராக விடும் குத்து) மீட்டுக்கொண்டார், ஹெண்ட்ரிக்ஸின் வேகம் குறைந்தது, ஜி.எஸ்.பி.க்கு 10-9. நான்காவது மறுபடி ஹெண்ட்ரிக்ஸ், தெளிவாகவே. ஐந்தாவதில் ஜி.எஸ்.பி. டேக்டவுன் எடுத்தார், அதாவது ஆளைப் பிடித்துத் தரையில் தள்ளினார், ஹெண்ட்ரிக்ஸ் அடக்கி வாசித்தார், ஜி.எஸ்.பி.க்கு 10-9. இந்த நான்கு சுற்றிலும் மூன்று ஜட்ஜ்களும் ஒரே மாதிரிதான் போட்டார்கள். ஆளுக்கு இரண்டு. ஆக, பட்டம் முழுக்க முதல் ஐந்து நிமிடத்தில் போய் நிற்கிறது.

அந்த முதல் சுற்றை ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். தொடக்கத்திலேயே ஜி.எஸ்.பி. அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் தரையில் கிடக்கவில்லை, சீக்கிரமே எழுந்துவிட்டார். அப்புறம் கூண்டோரம். ஹெண்ட்ரிக்ஸின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.பி. குனிந்திருக்கிறார், ஹெண்ட்ரிக்ஸ் அவர் தலையின் பக்கவாட்டில் முழங்கையால் இடித்துக்கொண்டே இருக்கிறார். சிறிய இடிதான், கையை ஓங்க இடமில்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடம். நெருக்கத்தில் முழங்காலும் வந்து விழுகிறது. தள்ளி நிற்கும்போது ஜி.எஸ்.பி.யும் அடிக்கிறார், சுற்று ஒருதலைப்பட்சமாகப் போகவில்லை.

இங்கேதான் உங்கள் அண்ணனும் நீங்களும் பிரிகிறீர்கள். ஒரு டேக்டவுனுக்கு எவ்வளவு மதிப்பு? இன்றைய விதிப்படி, ஆளைக் கீழே தள்ளியதற்கு மட்டும் பெரிதாக ஒன்றும் கிடையாது. தள்ளிய பிறகு அடித்தாரா, கழுத்தைப் பிடித்தாரா, ஆபத்தான நிலைக்குப் போனாரா என்றுதான் பார்க்க வேண்டும். இந்த வாசகம் 2017 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. 2013-இல் ஜட்ஜ்கள் கையில் இருந்தது பழைய வாசகம், டேக்டவுன் என்றால் ஒரு மரியாதை இருந்த காலம். அதனால் ஜி.எஸ்.பி.க்குப் போட்ட இருவரையும் நான் திட்ட மாட்டேன். என் நோட்டில் முதல் சுற்று ஹெண்ட்ரிக்ஸுக்கு 10-9. மொத்தம் 48-47 ஹெண்ட்ரிக்ஸ்.

வீங்கிய முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வீக்கத்தில் பெரும்பங்கு இரண்டாம் சுற்றிலும் நான்காம் சுற்றிலும் வாங்கியது. அந்தச் சுற்றுகளுக்கான 10-ஐ ஹெண்ட்ரிக்ஸ் ஏற்கெனவே வாங்கிவிட்டார். அதே அடியைக் காட்டி முதல் சுற்றையும் கேட்க முடியாது. முறையின் குறை என்னவென்றால், மயிரிழையில் ஜெயித்தாலும் 10-9, நன்றாக உதைத்து ஜெயித்தாலும் 10-9. ஹெண்ட்ரிக்ஸ் ஜெயித்த சுற்றுகள் அகலமானவை, ஜி.எஸ்.பி. ஜெயித்தவை குறுகியவை. தாளில் இரண்டும் ஒரே எண்ணாக விழுகின்றன. உங்களுக்கு வரும் கோபம் அங்கிருந்துதான் வருகிறது, அது சரியான கோபம்தான். அண்ணனோடு சண்டை போட மட்டும் அது போதாது.

கேள்வி: ஐந்தாம் சுற்றில் ஹெண்ட்ரிக்ஸ் ஏன் ஒதுங்கி ஆடினார்? பாயிண்ட் நிலவரம் அவருக்குத் தெரியாதா?

பதில்: தெரியாது. யாருக்கும் சொல்ல மாட்டார்கள். நான்கு சுற்று முடிந்தபோது இரண்டு ஜட்ஜ்களின் தாளில் 38-38, மூன்றாமவரிடம் ஹெண்ட்ரிக்ஸுக்கு 39-37. அதாவது கடைசிச் சுற்றைப் பிடித்தால் பெல்ட் அவருடையது. முன்னால் இருக்கிறோம் என்று நம்பியவர் போலத்தான் அவர் ஆடினார்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பாயிண்டை அறிவிக்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலம் அனுமதித்து, பெண்கள் மட்டும் மோதும் இன்விக்டா எஃப்.சி. என்ற அமைப்பு 2020-இல் அதை நடத்திக் காட்டியது. முன்னணியில் இருப்பவர் கடைசிச் சுற்றில் ஓடிக்கொண்டே இருப்பார் என்று பலர் பயப்படுகிறார்கள். பின்தங்கியவர் துரத்துவார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்பை அடமானம் வைத்து 25 நிமிடம் நிற்கிறவனுக்குத் தன் கணக்கு தெரியக்கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: முன்னேறிப் போய்க்கொண்டே இருப்பவருக்குத்தானே சுற்று?

பதில்: இல்லை. முதலில் அடியும் பிடியும் எவ்வளவு பலித்தன என்பது. அது இருவருக்கும் சரிசமம் என்றால்தான் பலன் தரும் ஆக்ரோஷம். அதுவும் சமம் என்றால்தான் கூண்டின் நடுவை யார் ஆண்டார்கள் என்ற கேள்வி. பெரும்பாலான சுற்றுகள் முதல் படியிலேயே முடிந்துவிடும். முன்னேறிப் போய் முகத்தில் வாங்குவதற்குப் பாயிண்ட் கிடையாது.

கேள்வி: ராபி லாலர் – கார்லோஸ் காண்டிட் சண்டையில் காண்டிட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அடித்திருக்கிறார். அப்படியும் எப்படித் தோற்றார்?

பதில்: 2016 ஜனவரி 2, யு.எஃப்.சி. 195. புள்ளிவிவரப்படி முக்கிய அடிகள் காண்டிட் 176, லாலர் 92. ஸ்பிளிட் டிசிஷனில், அதாவது ஜட்ஜ்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து, லாலர் பட்டத்தைத் தக்கவைத்தார்.

அந்த 176 என்பது 25 நிமிடத்தின் மொத்தம். ஒரு சுற்றில் நாற்பது அடி கூடுதலாக அடித்து ஜெயித்தாலும் 10-9தான். மிச்சம் அடுத்த சுற்றுக்கு வராது. இன்னொன்று: காலில் தட்டிவிட்டு நகரும் உதையும், தாடையில் இறங்கி ஆளைச் சாய்க்கும் குத்தும் அந்தப் பட்டியலில் தலா ஒன்றுதான். இரண்டாம் சுற்றில் லாலர் காண்டிட்டை விழத்தட்டினார். உடனே தெரியும் பாதிப்பு, மெல்லச் சேரும் பாதிப்பைவிடக் கனமானது என்று இன்றைய விதி வெளிப்படையாகவே சொல்கிறது. ஜட்ஜ் கையில் அடியை எண்ணும் கருவி கிடையாது, கண் மட்டும்தான். அடி விழுந்ததும் எதிராளியின் கால் எங்கே போகிறது, கை கீழே இறங்குகிறதா, அடுத்த அடிக்கு அவர் தயாராக இருக்கிறாரா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தும் எனக்கு அது காண்டிட் ஜெயித்த சண்டை. ஒன்றும் நான்கும் அவருக்கு, இரண்டும் ஐந்தும் லாலருக்கு. மிச்சம் மூன்றாவது. அதில் லாலரின் குத்துகள் கனமாக இருந்தன. ஆனால் எண்ணிக்கையில் அவ்வளவு பின்தங்கும்போது, ஆளை ஆட்டிவைக்கும் ஒரு அடியாவது வேண்டும். அந்தச் சுற்றில் அதை நான் பார்க்கவில்லை. கடைசிச் சுற்று முடிந்து இருவரும் கூண்டின் மேல் சாய்ந்து நின்ற கோலத்தைப் பார்த்தவர்களுக்கு, யார் தோற்றார் என்று எழுதவே கை வராது.

கேள்வி: கிராஸோ – ஷெவ்செங்கோ இரண்டாவது சண்டை டிரா. ஒரு ஜட்ஜ் கொடுத்த 10-8தான் காரணம் என்கிறார்கள். அது நியாயமா?

பதில்: 2023 செப்டம்பர் 16. ஒருவர் ஷெவ்செங்கோவுக்கு 48-47, ஒருவர் கிராஸோவுக்கு 48-47, மூன்றாமவர் 47-47. அந்த மூன்றாமவர் ஷெவ்செங்கோவுக்கு மூன்று சுற்று கொடுத்தார். ஐந்தாம் சுற்றில் மட்டும் கிராஸோவுக்கு 10-8 போட்டதால் ஷெவ்செங்கோவின் 48, 47 ஆனது. வழக்கமான 10-9 போட்டிருந்தால் கிராஸோவிடம் இருந்த பெல்ட் அன்றைக்கே ஷெவ்செங்கோவுக்குக் கைமாறியிருக்கும்.

10-8 போட மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறார்கள்: பாதிப்பு, ஆதிக்கம், நேரம். மூன்றும் இருந்தால் போட்டே ஆக வேண்டும். அந்த ஐந்தாம் சுற்றில் ஷெவ்செங்கோ தலையைப் பிடித்து எறியப் பார்த்தார், பிடி நழுவியது, கிராஸோ முதுகுக்கு வந்து சரமாரியாக அடித்தார். பாதிப்பு உண்டு, ஆதிக்கமும் உண்டு. ஆனால் அது சுற்றின் பிற்பகுதியில் நடந்தது. அதற்கு முன்னால் ஷெவ்செங்கோ சண்டையில் நன்றாகவே இருந்தார். நேரம் போதவில்லை. என் கணக்கில் அது 10-9.

நிஜமான 10-8 எப்படி இருக்கும் என்று தெரிய, 2011 புத்தாண்டு அன்று நடந்த ஃப்ராங்கி எட்கர் – கிரே மேனார்ட் சண்டையின் முதல் சுற்றைப் பாருங்கள். எட்கர் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார், ரெஃப்ரி நிறுத்திவிடுவார் என்றே தோன்றியது. ஜட்ஜ்கள் மூவரும் 10-8 போட்டார்கள். அங்கிருந்து மீண்டு வந்து எட்கர் அந்தச் சண்டையை டிராவாக்கினார். அந்த மனிதரின் மனத்திடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

10-8-ஐ இன்னும் தாராளமாகப் போட வேண்டும் என்ற கட்சிதான் நான். அகலமான சுற்றையும் குறுகிய சுற்றையும் பிரித்துக் காட்ட நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். அதனாலேயே தகுதியில்லாத சுற்றில் அது விழும்போது வலிக்கிறது.

கேள்வி: ஜான் ஜோன்ஸ் – டோமினிக் ரேயஸ் முடிவில் பணம் விளையாடியதா?

பதில்: அப்படிச் சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை, இல்லாததை எழுத மாட்டேன். ஜட்ஜ்களை நியமிப்பது சண்டையை நடத்தும் நிறுவனம் அல்ல, அந்தந்த மாநிலத்தின் ஒழுங்குமுறை அமைப்பு.

2020 பிப்ரவரி 8, ஹூஸ்டன். ஜோன்ஸுக்கு 48-47, 48-47, 49-46. முதல் மூன்றும் ரேயஸ், கடைசி இரண்டும் ஜோன்ஸ் என்பது என் தாள். இரண்டும் மூன்றும் நெருக்கமானவை, அவற்றில் ஒன்றை ஜோன்ஸுக்குக் கொடுத்து 48-47 போட்டால் வாதாடலாம். 49-46 என்றால் ஐந்தில் ரேயஸுக்கு ஒன்றே ஒன்று. அதைத்தான் என்னால் எந்தக் கோணத்திலும் ஏற்க முடியவில்லை. ஜட்ஜ்கள் கூண்டின் வெவ்வேறு பக்கம் உட்காருகிறார்கள், ஒருவருக்குத் தெரியும் குத்து இன்னொருவருக்கு முதுகால் மறைந்துபோகும், அதற்காகத்தான் முன்னால் மானிட்டரும் வைக்கிறார்கள். எம்.எம்.ஏ. பயிற்சி போதாத ஜட்ஜைப் பட்டச் சண்டையில் உட்காரவைப்பதுதான் இந்த விளையாட்டின் பிரச்சினை. சூழ்ச்சி என்று பேசிப் பேசி அதை மறந்துவிடுகிறோம்.

கேள்வி: சுற்று சுற்றாக எதற்கு? மொத்தச் சண்டையையும் பார்த்து ஒரே முடிவு சொன்னால் என்ன?

பதில்: ஜப்பானில் பிரைடு என்ற அமைப்பு அப்படித்தான் செய்தது, இப்போது ஒன் சாம்பியன்ஷிப் என்ற அமைப்பின் எம்.எம்.ஏ. சண்டைகளிலும் அதே முறைதான். அகலமான சுற்றுக்கு அதில் நியாயம் கிடைக்கும். ஆனால் எந்த ஐந்து நிமிடத்தில் ஜட்ஜ் தவறினார் என்று கேட்க வழியில்லாமல் போகும். எனக்குக் கேள்வி கேட்க வழி வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே பாயிண்ட் போட்டுப் பழக என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலை, ஒலியை நிறுத்துங்கள். வர்ணனையாளர் ஒருவர் பக்கம் சாய்ந்தால் நம் கண்ணும் கூடவே சாயும். ஜட்ஜுக்கு வர்ணனை கேட்காது. சுற்று முடிந்து வரும் ஒரு நிமிட இடைவேளையிலேயே எண்ணை எழுதிவிடுங்கள். எழுதியதைத் திருத்தக் கூடாது. ஜட்ஜ்களிடமிருந்தும் சுற்றுக்குச் சுற்று தாளை வாங்கிவிடுகிறார்கள். முந்தைய சுற்றில் யாருக்குப் போட்டோம் என்று பார்த்து, 'இந்தத் தடவை அவருக்குக் கொடுப்போம்' என்று ஈடுகட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித் தாள் வைத்து, எழுதியதும் கவிழ்த்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு 2009 அக்டோபரில் நடந்த லியோட்டோ மச்சீடா – மவுரீசியோ ஷோகன் ஹுவா முதல் சண்டை நல்லது. மூன்று ஜட்ஜ்களும் மச்சீடாவுக்கு 48-47 கொடுத்தார்கள், அரங்கமே கூச்சல் போட்டது. ஷோகன் விடாமல் தொடையிலும் விலாவிலும் உதைத்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு உதைக்கும் பிறகு மச்சீடா அந்தக் காலில் எப்படி ஊன்றுகிறார் என்று கவனியுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதி அனுப்பினால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து சுற்றுக்கும் எண்ணும், பக்கத்தில் ஒரு வரி காரணமும் வேண்டும்.