வந்த ஊருக்காகப் பேசுவது

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் கோவையில் பிறந்து வளர்ந்தவள். அலுவலக மாற்றலில் வேண்டாவெறுப்பாகக் கும்பகோணம் வந்தேன். இப்போது இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை. மாலையில் பகவத் படித்துறையில் உட்கார்ந்திருப்பதும், விடுமுறை நாளில் தாராசுரத்துக்கும் சுவாமிமலைக்கும் போய்வருவதும் என் வாழ்க்கையின் பகுதியாகிவிட்டன. ஆனால் உடன் பணிபுரிகிறவர்கள் எல்லாரும் சென்னைக்கு மாற்றல் கேட்டுக் காத்திருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாவின் மகன், “இங்கே கோயிலைத் தவிர என்ன இருக்கு, அக்கா?” என்கிறான். இந்த ஊருக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்று நான் சொன்னால், “நீங்கள் வெளியூர், உங்களுக்கு என்ன தெரியும்” என்கிறார்கள். பிறக்காத ஊருக்காக நான் பேசலாமா? பேசினால் எதைக் கேட்டுப் பேசுவது?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் முதல் கேள்விக்குக் கும்பகோணமே பதில் வைத்திருக்கிறது. 1880இல் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப் நீதிபதி, உங்களைப் போலவே பணி மாற்றலில், அந்த ஊருக்கு வந்தார். அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனபோது, தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொன்னார். முன்சீபோ அவற்றால் நிறைவடையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் சாமிநாதையரைச் சுவடிகளின் பக்கம் திருப்பியது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது, அதைத் தொடர்ந்து மற்றப் பழைய நூல்களும் வந்தன. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், உள்ளூரில் எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டதன் பயனை நாம் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்களை எழுப்பிய கோவிந்த தீட்சிதர், தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராக இருந்த கன்னட மரபினர். திருபுவனத்திலும் தாராசுரத்திலும் பட்டு நெய்கிறவர்களில் பலர் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள். வந்தவர்களை ஒதுக்கிவிட்டால் கும்பகோணத்தின் வரலாற்றில் பாதி இருக்காது. ஆகவே தயங்காமல் பேசுங்கள்.

எதைக் கேட்டுப் பேசுவது என்பதுதான் கடினமான கேள்வி. சிறு நகரத்தை நேசிக்கிறவர்கள் பெரும்பாலும் அதன் பழமையைக் காக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அதன் வளர்ச்சியை விரும்புகிறவர்கள் அது சென்னையைப் போல ஆக வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் அங்கே வாழ்கிற மனிதர் இடம்பெறுவதில்லை. 2004ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டில்தான் மகாமகம் நடந்தது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஜூலை 16 அன்று ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். லட்சக்கணக்கானோரை வரவேற்று அனுப்பத் தெரிந்த நகரம், எண்ணூறு ஆண்டுப் பழமையான கற்கோயிலுக்காக உலகம் பாராட்டிய நகரம், தன் குழந்தைகள் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் கூரையையும் வாசலையும் கவனிக்காமல் விட்டது. கும்பகோணத்தின் எதிர்காலத்தைப் பற்றி யார் என்ன திட்டம் சொன்னாலும் நான் முதலில் அந்தப் பிள்ளைகளைத்தான் நினைக்கிறேன். ஊரில் அன்றாடம் புழங்குகிறவர்களுக்கு அத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதே நான் கேட்கும் கேள்வி.

அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்கான சாலைகளும் விளக்குகளும் வரும், வரட்டும்; 1992 மகாமகத்தில் நெரிசலில் பலர் மாண்டதை அறிந்தவர்கள் அந்த ஏற்பாடுகளைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் நீராட்டுக்குச் செலவழிக்கிற பணம் மறுநாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்கு ஊருக்குப் பயன்பட வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். அதில் முதன்மையானது தண்ணீர். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, இரண்டுக்கும் நடுவில் ஊர். ஆற்று நீரை வாய்க்கால் வழியாகக் குளத்துக்குக் கொண்டுவருவதும், நிரம்பிய நீரை அடுத்த குளத்துக்குத் தள்ளுவதும்தான் இந்த ஊரின் அமைப்பு. அவ்வாய்க்கால்களில் பலவற்றின் மேல் இன்று கட்டடங்கள் நிற்கின்றன, எஞ்சியவற்றில் சாக்கடை ஓடுகிறது. குளத்தின் படிகளுக்கு வண்ணம் அடிப்பதை விடக் குளத்துக்கு வரும் வாய்க்காலைத் திறப்பது பெரிய வேலை, செலவும் பகையும் அதிகம். அதனால்தான் அதைக் கேட்க ஆள் வேண்டும்.

தண்ணீரைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் சுவாமிமலைக்குப் போகிறவர் என்பதால் பார்த்திருப்பீர்கள்: மெழுகில் செய்த உருவத்தின் மேல், சிலை வார்க்கும் ஸ்தபதிகள் முதலில் பூசுவது காவிரியின் வண்டல் மண். அந்த நுண்மண்தான் விரல் நகத்தின் வளைவையும் மாலையின் இதழையும் பிடித்துவைக்கிறது. மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். கும்பகோணம் வெற்றிலைக் கொடிக்கால்களும் அப்படியே. அகத்தியின் மேல் படர்கிற கொடிக்கு வேரில் ஈரம் காயக்கூடாது. சுவாமிமலைச் சிலைகளுக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் திருபுவனம் பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அண்மையில் வெற்றிலைக்கும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். ஆறு கெட்டால், பட்டறையில் உட்காரப் பிள்ளைகள் முன்வராமல் போனால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டுக்கார அம்மாவின் மகன் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அவன் கேட்பது வேலையை. 1854இல் தொடங்கிய கல்லூரி அந்த ஊரில் இருக்கிறது. சீனிவாச இராமானுஜன் அங்கேதான் பள்ளியில் படித்தார், அந்தக் கல்லூரியிலும் சேர்ந்தார். அவரையும் சென்னைதான் வேலை கொடுத்து வைத்துக்கொண்டது. கற்பிக்கத் தெரிந்த ஊருக்குக் கற்றவர்களைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்ற குறை நூறு ஆண்டுக்கும் மேற்பட்டது. அதே சமயம், 1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் தன் தலைமையகத்தை அங்கேயே வைத்துக்கொண்டு நாடெங்கும் கிளை நடத்துகிறது. முடியாது என்பவர்களிடம் நான் காட்டுவது அதைத்தான். டெல்டா 2020 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். மண்ணைக் கெடுக்கும் ஆலைகள் அங்கே வரக்கூடாது, வரவும் வேண்டாம். நெல், வெற்றிலை, உலோகம், பட்டு, கணக்கு, கல்வி ஆகிய அங்கே ஏற்கெனவே வேர்விட்ட தொழில்களில் படித்த பிள்ளைகளுக்குக் கௌரவமான சம்பளம் தரும் வேலைகளை உருவாக்கக் கேட்பதே பொருத்தமானது. சிற்பம் கற்பிக்க அங்கே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் சுவாமிமலைப் பட்டறைகளுக்கும் இன்னும் நெருக்கமான உறவு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தனி மாவட்டக் கோரிக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அங்கே அடிக்கடி காதில் விழும். நியாயமான கோரிக்கைதான். அது கிடைக்கும்வரை மற்றவற்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை; 2021இல் கும்பகோணம் மாநகராட்சியாகிவிட்டது, வாய்க்கால், பள்ளிக் கட்டடம், குப்பை பற்றிய கேள்விகளை மாநகராட்சியிடமே கேட்கலாம்.

ஆகவே முதலில் உங்கள் வாக்காளர் பதிவைக் கோவையிலிருந்து கும்பகோணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் நாளை மாமன்ற உறுப்பினரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அதற்கு முன்னால் உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள வாய்க்காலை, அது ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பிலிருந்து குளம்வரை தூர்வாரி முடிப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிடைத்த பதிலை எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.