வுடி கத்ரியின் மெட்டில்லாப் பாடல்கள் – கடிதம்

வணக்கம் சார்,

நாட்டார் பாடல்கள் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி பற்றி எழுதியபோது, 'மெர்மெய்ட் அவென்யூ' என்ற ஆல்பத்தை மிகவும் புகழ்ந்திருந்தீர்கள். கத்ரி இறந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் விட்டுப்போன வரிகளுக்கு வேறு ஆட்கள் மெட்டுப் போட்டு வெளியிட்டது. தேடிக் கேட்டேன். இனிமையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உறுத்துகிறது. ஒரு கலைஞன் தான் எழுதியதைப் பாடாமல் விட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். சரியாக வரவில்லை என்று அவனே ஒதுக்கியிருக்கலாம். இறந்தபிறகு பெட்டியைத் திறந்து, எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் சேர்த்து, அவன் பெயரில் விற்பது என்ன நியாயம்? பாட்டின் உயிரே மெட்டுதான். அது அவருடையது இல்லை என்றால் அந்தப் பாட்டு எப்படி அவருடையதாகும்?

அன்புடன்,
கே., மதுரை

அன்புள்ள கே.,

'பாடாமல் விட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் முழுக்க அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது. ஆனால் நடந்தது வேறு.

கத்ரி 1912-ல் ஓக்லஹோமாவின் ஒகீமா என்ற சிற்றூரில் பிறந்தவர். அவர் அம்மாவைக் கொண்டுபோன ஹண்டிங்டன் நோய் அவருக்கும் வந்தது. பரம்பரையாக வருவது. கைகால் சொன்ன பேச்சைக் கேட்காது, நாக்கு குழறும், மனமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறும். நோய் இன்னதென்று தெரியவந்தது 1952-ல், அவருடைய 40வது வயதில். அதற்குப் பிறகு ஃப்ளோரிடாவில் ஒரு தீ விபத்தில் கை வெந்து, கிடார் வாசிப்பதே பெரும்பாடாகிவிட்டது. 1950களின் நடுவிலிருந்து 1967 அக்டோபர் 3 அன்று இறக்கும்வரை பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டில்தான்.

அதற்கு முன்னால், 1940களில், நியூயார்க்கின் கோனி ஐலண்டில் மெர்மெய்ட் அவென்யூ என்ற தெருவில் மனைவி மார்ஜரியோடும் பிள்ளைகளோடும் குடியிருந்தார். அந்த வருடங்களில் எழுதித் தள்ளியிருக்கிறார். டைப்ரைட்டரில், கோடு போட்ட நோட்டில், கைக்கு அகப்பட்ட தாளில். பாட்டு முடிந்ததும் அடியில் கையெழுத்து, தேதி, ஊர் பெயர். கசக்கி எறிய நினைப்பவர் தேதி போட்டு வைப்பாரா? அப்படிச் சேர்ந்தவை 3,000-ஐ நெருங்கும். அவர் ஒலிப்பதிவு செய்தது சில நூறுதான். ஸ்வரக்குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு இல்லாததால், மெட்டு ஏதாவது இருந்திருந்தால் அது அவர் தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது. அவ்வளவுதான் சார், அவர் ஒதுக்கிவைத்ததற்கு ஒரு சான்றும் இல்லை. பாட நேரமில்லாமல் போனவர் அவர்.

அவருடைய சம்மதம் பற்றிக் கேட்டால், பாப் டிலன் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. 1961-ல் இளைஞர் டிலன் மருத்துவமனையில் கத்ரியைப் போய்ப் பார்ப்பது வழக்கம். மெட்டுப் போடாத பாட்டுகள் பெட்டி பெட்டியாக வீட்டின் கீழ்த்தளத்தில் கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று கத்ரி சொன்னாராம். டிலன் குளிரில் கோனி ஐலண்டுக்குப் போய், வழி தெரியாமல் சதுப்பில் இறங்கி, கால் விறைத்துப்போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மார்ஜரி வீட்டில் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் கத்ரியின் மகன் சிறுவன் ஆர்லோவும்தான் இருந்தார்கள். பெட்டி விஷயம் அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பிவிட்டார். 2004-ல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டுகள்தான் பின்னாளில் 'மெர்மெய்ட் அவென்யூ'வுக்கு மெட்டுப் போட்ட பில்லி ப்ராக், வில்கோ குழு கைக்குப் போயின என்கிறார். டிலனின் நினைவை எவ்வளவு நம்புவது என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கத்ரியின் சுபாவத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது.

ஏனென்றால் மெட்டு விஷயத்தில் அவர் எப்போதும் அப்படித்தான். நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டு வர்ணமெட்டு' என்று தலைப்புக்குக் கீழே போட்டிருக்குமே, கத்ரியின் பாதிப் பாட்டுகளுக்கு அப்படிப் போடலாம். 1940-ல் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்', இன்று அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் பாடுகிற பாட்டு, கார்ட்டர் குடும்பத்தார் என்ற பாடகர் குழு முன்பே பதிவு செய்திருந்த ஒரு பக்திப் பாட்டின் மெட்டில் உட்காருகிறது. 'டாம் ஜோட்' பாட்டு, ஜான் ஹார்டி என்ற கொலைகாரனைப் பற்றிய பழைய கதைப்பாட்டின் மெட்டு. யாரோ போட்ட மெட்டில் தன் சொல்லை ஏற்றி ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அவர் சொல்லில் இன்னொருவர் மெட்டை ஏற்றினால் அவருக்குத் துரோகமாகிவிடும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பாட்டின் உயிர் மெட்டில்தான் என்கிறீர்கள். எத்தனையோ பேருக்கு அது உண்மை. இவருக்கு உயிர் சொல்லில் இருந்தது.

இன்னொன்று, இது அவர் செத்தபிறகு தொடங்கியதும் இல்லை. 1948 ஜனவரி 28 அன்று கலிஃபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் மெக்சிகோவிலிருந்து வந்து பழத்தோட்டங்களிலும் வயல்களிலும் கூலி வேலை பார்த்தவர்கள், திருப்பி அனுப்பப்பட்டுக் கொண்டிருந்தவர்கள். செய்தியில் விமானி, பணிப்பெண் எல்லோருக்கும் பெயர் இருந்தது. அந்த 28 பேர் வெறும் 'நாடு கடத்தப்பட்டவர்கள்'. கத்ரிக்கு வயிறு எரிந்தது. பழம் பறித்துக் கொடுத்த கைக்குப் பெயர்கூட இல்லையா என்று எழுதினார். அவர் அதைக் கிட்டத்தட்ட ஓதுவதுபோலத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், பெரிதாக மெட்டு எதுவும் இல்லை. சுமார் 10 வருடம் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற பள்ளி ஆசிரியர் அதற்கு மெட்டுப் போட்டார். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் மேடையில் பாடினார். இன்றுவரை பாடாதவர் இல்லை. அப்போது கத்ரி உயிரோடுதான் இருந்தார், மருத்துவமனையில்.

ஃப்ரெஸ்னோ இடுகாட்டில் அந்த 28 பேரும் ஒரே குழியில் பெயரில்லாமல் கிடந்தார்கள். 2013-ல் அத்தனை பேரின் பெயரும் பொறித்த கல் அங்கே வைக்கப்பட்டது. இடையில் 65 வருடம் அந்த விபத்தை ஜனங்கள் மறக்காமல் இருந்ததற்குப் பெரிய காரணம் அந்தப் பாட்டு. ஆசிரியர் ஒருவர் மெட்டுப் போடாமல் இருந்திருந்தால் அது தாளிலேயே கிடந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெட்டுப் போட்டவர்மேல் நன்றிதான் வருகிறது.

சரி, 'மெர்மெய்ட் அவென்யூ'வுக்கு வருகிறேன். கத்ரியின் மகள் நோரா 1950-ல் பிறந்தவர். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா நோயாளி. 1990களின் தொடக்கத்தில், அப்பாவின் மேலாளராக இருந்த ஹெரால்ட் லெவந்தாலின் அலுவலகத்தில் உதவிக்குப் போனவர் அங்கிருந்த பெட்டிகளைத் திறக்கிறார். தான் பார்த்தே இராத, ஆரோக்கியமான, குறும்பான, ஆசை நிறைந்த ஒரு மனிதர் அந்தத் தாள்களில் இருக்கிறார். அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி ஆய்வாளர்களுக்கு மட்டும் காட்டியிருக்கலாம். அவர் இங்கிலாந்துக்காரரான பில்லி ப்ராக்கிடம் கொடுத்தார். தொழிலாளர் போராட்டங்களில் பாடி வளர்ந்தவர் ப்ராக். அவர் சிகாகோவின் வில்கோ குழுவைச் சேர்த்துக்கொண்டார். 1998-ல் முதல் ஆல்பம், 2000-ல் இரண்டாவது, கத்ரியின் நூற்றாண்டான 2012-ல் மிச்சமிருந்தவை.

எலெக்ட்ரிக் கிடார் உங்களை உறுத்துகிறது. எனக்கு அதுதான் அவர்கள் செய்த நேர்மையான காரியம் என்று படுகிறது. ஓக்லஹோமா உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டு, மவுத் ஆர்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, 1944-ல் பதிவானதுபோல இரைச்சலும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அது போலி. கத்ரி இந்த மெட்டில்தான் பாடியிருப்பார் என்ற பாசாங்கு அதில் இருந்திருக்கும். இவர்கள் அவரைத் தங்களோடு சேர்ந்து வேலை செய்யும் பாடலாசிரியராக நடத்தினார்கள். ஆல்பத்திலும் சொல் கத்ரி, இசை ப்ராக் அல்லது வில்கோவின் ஜெஃப் ட்வீடி, ஜே பென்னட் என்று பிரித்துத்தான் போட்டிருக்கிறது. யார் பெயரையும் யாரும் திருடவில்லை.

இரண்டாவது ஆல்பத்தில் 'ரிமெம்பர் த மவுண்டன் பெட்' என்று ஒன்று. ஒருவன் பழைய காதலியிடம் கேட்கிறான்: மலையில் கிளையும் தழையும் பரப்பி நாம் போட்ட படுக்கை நினைவிருக்கிறதா? குறுந்தொகையில் குறிஞ்சிப் பாட்டு வாசித்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். பெரிய கவிதை. ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, நடுவில் திரும்பி வரும் பல்லவி கிடையாது. வேறு யாராவது என்றால் இரண்டு சரணத்தை வெட்டி, கேட்பவர் முணுமுணுக்க ஒரு பல்லவி ஒட்டியிருப்பார்கள். இவர்கள் ஒரே மெட்டைச் சரணத்துக்குச் சரணம் அப்படியே திரும்ப வரவிடுகிறார்கள். ட்வீடி குரலை உயர்த்துவதே இல்லை. அதனால் காது முழுக்கச் சொல்லின் மேலேயே இருக்கிறது. இலை, வேர், மண், உடம்பு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துகொண்டே போய், கடைசிச் சரணம் வரும்போது பாடுகிறவனுக்கு வயதாகிவிட்டது என்று நமக்குப் புரிகிறது. வெட்டியிருந்தால் அந்த வயது ஏறுவது தெரிந்திருக்காது. மெட்டமைப்பவர் சொல்லுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை இதுதான் என்பேன்.

'கலிஃபோர்னியா ஸ்டார்ஸ்' இன்னும் எளிமை. கிடாரில் மூன்றே ஸ்வரக்கூட்டு (chord), சுற்றிச் சுற்றி வருகிறது. பாரமான தலையை இன்றிரவு நட்சத்திரப் படுக்கையில் சாய்க்க வேண்டும் என்று விரும்பும் ஒரு களைத்த மனிதன். 'இங்க்ரிட் பெர்க்மன்' இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த நடிகை எரிமலைத் தீவான ஸ்ட்ராம்போலியில் நடித்த படம் 1950-ல் வந்தது. நீ தொட்டால் அணைந்த மலையும் பற்றிக்கொள்ளும் என்று அவளிடம் சரசமாடுகிறார் கத்ரி. புழுதிப் புயலையும் தொழிற்சங்கத்தையும் பாடியவர் என்று மட்டுமே அவரைச் சிலையாக்கி வைத்திருந்தார்கள். பறக்கும் தட்டு, பேஸ்பால், குழந்தைகளின் பிதற்றல், காமம் எல்லாம் அவர் எழுதியிருக்கிறார் என்பது இந்தப் பாட்டுகள் வந்த பிறகுதான் பொதுவாகத் தெரிந்தது. மெர்மெய்ட் அவென்யூ தெருவில் அவருடைய மாமியார் அலிசா க்ரீன்பிளாட், யிட்டிஷ் மொழிக் கவிஞர், எதிரிலேயே குடியிருந்தார். அந்தச் சகவாசத்தில் யூதப் பண்டிகைகளுக்கும் பாட்டு எழுதியிருக்கிறார் கத்ரி. யூத இசைக் குழுவான க்ளெஸ்மாட்டிக்ஸ் அந்தப் பண்டிகைப் பாட்டுகளைத் தனி ஆல்பமாகக் கொண்டுவந்தது. கத்ரியின் வேறு வரிகளுக்கு மெட்டுப் போட்டு 2006-ல் அவர்கள் வெளியிட்ட 'வொண்டர் வீல்' கிராமியும் வாங்கியது.

உங்கள் ஆதங்கத்துக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். பாஸ்டனின் ட்ராப்கிக் மர்ஃபீஸ் என்ற பங்க் குழு எடுத்த 'ஐம் ஷிப்பிங் அப் டு பாஸ்டன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் அது சில வரித் துணுக்கு. காலை இழந்த ஒரு மாலுமி மரக்கால் தேடி பாஸ்டன் போகிறான், முடிந்தது. மிச்சமெல்லாம் குழுவின் ஆரவாரம். 2006-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் வந்து உலகப் புகழ் ஆனது, விளையாட்டு மைதானங்களில் அலறுகிறது. துள்ளலான பாட்டுதான், ஆனால் அங்கே கத்ரி ஒரு சாக்கு. யார் எழுதியிருந்தாலும் அந்தப் பாட்டு அப்படியேதான் இருந்திருக்கும். இந்த வேலையில் தவறுகிற இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். டிரம்ஸ் இருப்பது தவறில்லை. சொல் கேட்காமல் போவது தவறு.

ஒன்று செய்யுங்கள். கத்ரியின் சொந்தக் குரலில் 'டாம் ஜோட்' கேளுங்கள். அப்புறம் 'டிபோர்ட்டீ' என்ற அந்த விமான விபத்துப் பாட்டு, பீட் சீகர் பாடியதாக இருந்தால் நல்லது. அது முடிந்தபிறகு, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் 'மவுண்டன் பெட்'. அதற்குப் பிறகும் உறுத்தினால் எந்த வரியில் உறுத்துகிறது என்று எழுதுங்கள், அந்த வரியை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்